ஏழாம் கை, எட்டாம் கை

செவ்வாய் ராத்திரி
மால் மூடி, கடைசி எல்ஆர்டியும் செராஸைக் கடந்த பிறகு
நான்காவது மாடிக்கு ஏணி தூக்கிப் போனோம்,
நானும் ஹபிசுடினும்.

எங்கள் காதுக்கு வந்தது இவ்வளவுதான்:
கடல் தாண்டி எங்கோ
ஒரு ஸ்டூடியோ இன்னொன்றின் கைக்குப் போய்விட்டது.
வாங்கியவர்கள் ஏற்கெனவே
ஜொகூரில் வரப்போகும் ஒரு பூங்காவுக்கு
எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம்:
முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்குள்
வேறு எங்கும்
இந்த ஆக்டோபஸ் கேப்டன் இருக்கக் கூடாது.

வரைபடத்தில் காம்பஸ் ஊன்றிச் சுற்றியிருக்கிறார்கள்.
பென்சில் கோடு தஞ்சோங் மாலிம் பக்கம் விழுகிறது.
நாங்கள் கோட்டுக்கு உள்ளே.
பினாங்கு வெளியே.
"பட்டர்வொர்த்துக்கு லாரி பிடிச்சிடலாமா?"
என்றான் ஹபிசுடின்,
அவன் தமிழ் எப்போதும் அவசரத்தில்தான் நன்றாக வரும்.

கேப்டனின் சொந்தப் பெயரை
இனி நாங்கள் உச்சரிக்கக் கூடாது.
பிள்ளைகள் வைத்த பெயரைச் சொல்லலாம்:
சொத்தோங்.

சட்டப் பிரிவிலிருந்து குணவதி
அளவு நாடாவோடு வந்து நின்றாள்.
தொப்பி, கழற்று.
இடது கண் பட்டை, கழற்று.
எட்டுக் கை இருந்தால் அது அவர்களுடையது,
ஆறு இருந்தால் யாருடையதும் இல்லை.
ஊதா நிறம் இருக்கட்டும்,
ஊதாவை இன்னும் யாரும் வாங்கவில்லை.

டிக்கெட் முகப்பிலிருந்து தவமணி,
ரப்பர் பேண்டில் பணத்தைச் சுற்றியபடி:
"எங்க முருகனுக்குப் பன்னிரண்டு கை.
ஒருத்தனும் நோட்டீஸ் அனுப்பல."

கிரைண்டர் பட்டதும் ஃபைபர் கருகும் நெடி.
உள்ளே எஃகு, காற்றுக் குழாய்,
போன நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள்
கசிவை அடைக்க நானே சுற்றிய மஞ்சள் டேப்.
வலிக்காது, தெரியும்.
இருந்தாலும் ஹபிசுடின் போய்
ஸ்பீக்கரை அணைத்துவிட்டு வந்தான்.

வெட்டிய கைகளை மூன்று மூன்றாக நறுக்கி
பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுத்து
அனுப்ப வேண்டும், ஷரத்து பதினேழு.
அனுப்பினோம்.
"நன்றி" என்று பதில் வந்தது,
அங்கே அப்போது மத்தியானமாக இருந்திருக்கும்.

காலை பத்து மணி.
அதே தண்டவாளம், அதே இருட்டு,
நாற்பத்திரண்டாம் வினாடியில் அதே பள்ளம்.
அலறலுக்கு லைசென்ஸ் கிடையாது,
வழக்கம்போல் அலறினார்கள்.
ஒரு சிறுமி மட்டும் இறங்கி வந்து
திரும்பவும் வரிசையில் நின்றாள்.
இரண்டாம் தடவை வெளியே வந்ததும்
அம்மாவிடம் ஆறு விரல் காட்டினாள்.
"சரியா எண்ணியிருக்க மாட்டே" என்றாள் அம்மா.

கன்ட்ரோல் அறையில் இருக்கிற
பழைய புரோகிராம்
ஒப்பந்தம் எதையும் படிக்கவில்லை.
நாற்பத்தோராம் வினாடி வந்தால்
எட்டுக் கைக்கும் உத்தரவு போகிறது: உயர்த்து.
திரையில் சிவப்பாய் இரண்டு வரி.
ஏழு, பதில் இல்லை.
எட்டு, பதில் இல்லை.

அதை மாற்ற வெளியிலிருந்து ஆள் வர வேண்டும்,
ஆளுக்கு பட்ஜெட் வர வேண்டும்.
அதுவரை ஒவ்வொரு சுற்றுக்கும்
'தவிர்' என்ற பொத்தானை நான் அழுத்துகிறேன்,
ஒரு நாளைக்கு நூறு, நூற்றுப் பத்து தடவை.

கூட்டமில்லாத புதன்கிழமைகளில்
ஒரு சுற்று அழுத்தாமல் விடுவேன்.
கேட்கட்டும்.