எழுத்துப் பிழை

வில்னியூஸில் ஒரு அடகுக் கடைக்கு மேலே
எங்கள் செய்தி அறை.
மூன்று மேசை, ஒரு கெட்டில்.
எல்லை முப்பது கிலோமீட்டர்.

முதல் பெயரை ஏப்ரலில் பிடுங்கினார்கள்.
நாட்டின் இரண்டெழுத்து வால் அதற்கு.
மின்ஸ்கில் யாரோ ஒருவர்
தேநீரைக் கீழே வைத்துவிட்டு
ஒரு பொத்தானை அழுத்தியிருப்பார்.
அவ்வளவுதான், இல்லாமல் போனோம்.
இரண்டாவது பெயரை விற்ற கம்பெனி
மிரட்டல் வந்ததும் எங்களைக் கைகழுவியது,
மிக மரியாதையான மின்னஞ்சலில்.

அப்போதுதான் கஸ்தூஸ்
பிளாக்செயினில் ஒரு பெயர் வாங்கினான்.
பனிக்காலச் சப்பாத்து வாங்க வைத்திருந்த காசு.
"இது வாடகை இல்லை, சொந்தம்" என்றான்.
"பதிவேடு ஆயிரம் வீடுகளில் இருக்கிறது.
ஒருவன் கிழித்தால்
மற்றவர்கள் தங்கள் பிரதியைக் காட்டுவார்கள்."
நிலதானக் கல்வெட்டில் வெட்டுவார்களே,
சந்திர சூரியர் உள்ளவரை என்று,
அந்தத் தொனி.
"இனி யாரையும் நம்பத் தேவையில்லை" என்றும் சொன்னான்.

சாவி பன்னிரண்டு சொற்கள்.
தாளில் எழுதக் கூடாது என்று
அவன் மட்டும் மனப்பாடம் செய்தான்.
நாங்கள் அவனை நம்பினோம்.

"ஹ்ரோத்னாவில் என் அத்தை இதை எப்படித் திறப்பாள்?"
யாட்விகா கேட்டாள்.
வேறு உலாவி, வேறு அமைப்பு, பதினோரு படிகள்.
அத்தை ஏழாவது படியில் போனை வைத்துவிட்டாள்.
மாடிவீட்டு மாணவன் திறந்து கொடுத்தானாம்.
கதவைச் சாத்திவிட்டு வாசித்தாளாம்.

நவம்பரில் கஸ்தூஸின் அப்பா இறந்தார்.
போகாதே என்றோம்.
போகும் முன் இரவு, கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து
கைதானவர்களின் பட்டியலை ஏற்றினான்:
இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
நாற்பத்தொன்றாவது பெயரில் விரல் தடுக்கியது.
மிகாஸ் லபானவ்,
மிகாஸ் பலானவ் ஆனான்.

எல்லைச் சாவடியில் அவனைப் பேருந்திலிருந்து இறக்கினார்கள்.
பை மட்டும் வில்னியூஸுக்குத் திரும்பி வந்தது.
அதில் அந்தச் சப்பாத்து இல்லை, பழையதுதான்.

அன்றிலிருந்து பக்கம் அப்படியே நிற்கிறது.
எங்கெங்கோ யார் யாருடைய கணினிகளோ
அதைச் சுமக்கின்றன.
அவர்களால் அழிக்க முடியவில்லை.
எங்களாலும் ஒரு எழுத்தை நகர்த்த முடியவில்லை.
ஓரத்தில் இன்னும் அந்த வாரத்து வானிலை:
ஈரப்பனி, மைனஸ் இரண்டு.
ஜூலை வெயிலில் வாசித்தேன் அதை.

லபானவின் அம்மா ஸ்தேஃபானியா
மாதம் ஒரு கடிதம் போடுகிறாள்.
"ஐயா, அந்தப் பெயரில் யாரும் இல்லை.
சிறைவாசலில் பலானவ் என்று கேட்டவர்களுக்கு
அப்படி ஒருவர் இங்கில்லை என்று சொல்கிறார்கள்.
உண்மைதானே அது?
என் பிள்ளையின் பெயரைச் சரியாக எழுதுங்கள்.
ஒரே ஒரு எழுத்துதான்."

புதிய பெயர் வாங்கி, புதிய பக்கத்தில்
சரியாகத்தான் எழுதினோம்.
அதை நாற்பது பேர் வாசிக்கிறார்கள்.
பழையதை அத்தனை பேரும்.

அவர்கள் கஸ்தூஸிடம்
பன்னிரண்டு சொற்களைக் கேட்கிறார்கள்
என்று வழக்கறிஞர் சொன்னார்.
மறந்துவிட்டேன் என்கிறானாம்.
மறந்திருக்கவும் கூடும்.
ஐந்து சொன்னானோ, ஒன்பது சொன்னானோ,
தெரியாது.
சொல்லிவிட்டால் அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன்;
யாட்விகாவிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

காலையில் கெட்டில் கொதிக்கும் முன்
பதினோரு படிகளும் ஏறிப் பக்கத்தைத் திறக்கிறேன்.
நேராக நாற்பத்தொன்றுக்குப் போகிறேன்.
முதலில் ப, பிறகு ல.
மூச்சு விடுகிறேன்.

ஸ்தேஃபானியாவுக்கு இதை எழுதவில்லை.
எப்படி எழுதுவது?
"அம்மா, இன்றும் தவறாகத்தான் இருக்கிறது"
என்று தொடங்கி
நிறுத்திவிட்டேன்.