பதிவேட்டின் கடைசிப் பக்கம்

நீடாமங்கலம் கேட்டை மூடினால்
இரண்டு பக்கமும் வண்டி எவ்வளவு தூரம் நிற்கும் என்று
ஊருக்கே தெரியும்.
கேபினுக்குப் பின்னால் மிளகு என்ன கழிந்தாள் என்பது
எனக்கு மட்டும்தான் தெரியும்.

மாற்றலாகிப் போன ஸ்டேஷன் மாஸ்டர் விட்டுப்போன நாய்.
கூடவே அரை மூட்டைத் தீவன உருண்டை.
அது தீர்ந்த அன்று கடையில் விலை கேட்டேன்,
மூட்டையை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.
காதில் வேறு சீழ், விடிய விடியச் சொறிச்சல்.

மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் ஹெப்சிபா சொன்னார்:
பச்சைக் கறி போட்டுப் பாருங்க.
எலும்பை மட்டும் வேகவைக்காதீங்க, குடலைக் கிழிச்சிடும்.
கையை நல்லா கழுவுங்க.
அவசரம் வேண்டாம்.
இதோட வயித்துக்குள்ள இப்போ கடை இருக்கு,
காடு வர்றதுக்கு ரெண்டு வாரமாகும்.

அபுதாகிர் கடையில் கோழிக் கழுத்து அரைக்கிலோ.
அவசரப்பட்டேன்.
அப்படியே கொட்டினேன்.

பதிவேட்டின் முன்பக்கமெல்லாம் ரயில்:
வந்த நேரம், போன நேரம், ஸ்டேஷன் சொன்ன எண்.
கடைசிப் பக்கத்தில் இவள்.

முதல் நாள்: ஒன்றுமில்லை. நக்கி நக்கித் தட்டு தேய்ந்தது.
இரண்டு: தண்ணீர். சளி. சரக்கு வண்டி போவதற்குள் இன்னொரு தரம்.
மூன்று: விடியலில் மஞ்சள் நுரை.
பின்னாலேயே கழுத்தெலும்பு,
நான் போட்ட அதே வடிவத்தில்.
நான்கு: பட்டினி போட்டேன்.
அவள் பார்த்த பார்வையை எழுத
அந்தப் பக்கத்தில் கட்டமில்லை.

அந்த வாரம்தான் மேட்டூர்த் தண்ணீர் மூணாறு தலைப்புக்கு வந்தது.
முகப்பில் நுரை, ஒற்றைச் செருப்பு, டயர்,
ஆகாயத்தாமரை, ஊதிய பன்றிக்குட்டி,
எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு
காபி நிறத்தில் வந்தது.
கோரையாற்றுப் பாலத்தில் பார்த்துவிட்டு வந்த
செந்தாமரைக்கண்ணன்
பணி மாற்றிக்கொள்ளும்போது சொன்னான்:
ஆத்துக்கும் பேதிதான் அக்கா.

மறுபடி தொடங்கினேன்,
விரல் நீளக் கழுத்து, ஒரு கரண்டி மசித்த பரங்கி.
எட்டாம் நாள் ஆசைப்பட்டு ஈரல் சேர்த்தேன்:
தார். கறுப்புத் தார்.
ஈரலை நகத்தளவாக்கினேன்.
பத்தாம் நாள் கல்லீரலா மண்ணீரலா என்று அபுதாகிரிடம் சண்டை.
பதினொன்று: விடுப்பு. எழுதவில்லை.

பதிமூன்று: சின்னது. கெட்டி. நாற்றமே இல்லை.
மறுநாள் வெயிலில் வெளுத்துச்
சுண்ணாம்புக் கட்டியாய் உதிர்ந்தது.
குச்சியால் கிளறிக்கொண்டு குந்தியிருந்தேன்.
கேட்டுக்கு அந்தப் பக்கம் காத்திருந்த பைக்காரர்
ஏதாவது தொலைச்சிட்டீங்களாம்மா என்றார்.

இல்ல சார், கிடைச்சிருக்கு.

எனக்கு இரவுப் பணி பதினோரு வருஷம்.
என் குடலுக்கு எது பகல் எது ராத்திரி தெரியாது.
மூன்று மணிக்கு மோர்ச் சோறு, நான்கு மணிக்கு நெஞ்செரிச்சல்.
இளஞ்சிவப்பு மாத்திரையைச் சப்பிக்கொண்டே
பச்சை விளக்கைக் காட்டுகிறேன்.
என் காலடியில் மிளகு தூங்குகிறாள்,
வயிற்றில் ஒரு சத்தமுமில்லாமல்.
பொறாமை என்றால் பொறாமைதான்.

பத்தொன்பதாம் நாள் சாயங்காலம்
மூடிய கேட்டில் நின்ற வேளாங்கண்ணி பஸ்ஸிலிருந்து
ஒரு குழந்தை ஜன்னல் வழியே
சால்னாவில் நனைந்த பாதிப் பரோட்டாவை எறிந்தது.
நான் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.
கத்தினேன்.
வாலை ஆட்டிக்கொண்டே விழுங்கினாள்.
குழந்தை கைதட்டியது.

கேட்டைத் திறந்தேன், பஸ் போயிற்று.
இரவு பதினொன்றே காலுக்குப் பதிவேட்டைத் திருப்பி
தேதி போட்டேன்.

தண்ணீர்.