மூன்றாம் மாடியிலிருந்து ஒரு வயர்

இரவு பத்தரைக்குப் பிறகு யூனிட் மலிவு.
வெள்ளவத்தையில்
எங்கள் பல்கனியிலிருந்து இறங்கும் வயர்
பழைய ஜப்பான் காரின் மூக்கில் போய் முடிகிறது.

நீர்கொழும்பு போய்வர
பெற்றோல் என்றால் இரண்டாயிரத்துச் சொச்சம்,
கரண்ட் என்றால் அறுநூறு.
சீஆர் கொப்பியில் கோடு போட்டு
துஷ்யந்தன் எழுதுகிறார்.
பற்றறி மாற்றும் செலவை மட்டும்
பென்சிலால்.

கீழ்வீட்டு ரிஸ்வின்
ஓட்டோவைத் துடைத்தபடி கேட்கிறான்:
"விடியும்வரை காத்திருக்கிறதுக்கு
என்ன விலை போட்டீங்க?"

அவர் பேனையை மூடினார்.
தெஹிவளை ஷெட்டில்
காரைத் தள்ளித் தள்ளி மூன்று இரவு கழித்தவர்.
அந்த வரிசையில் அவனும்தான் நின்றான்,
எங்களுக்கு இரண்டு ஓட்டோ முன்னால்.

இருவரும் சிரிக்கத் தொடங்கும்போது
எல்லா மாடியும் இருட்டு.

ரிஸ்வின் ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணி
லைற்றைப் போட்டான்,
கணக்குத் தெரியட்டும் என்று.