பெண்கள் நேரம்

சந்தா இருபதாயிரம், வரி மூவாயிரத்து அறுநூறு.
போன வருஷம் போனது முப்பத்தொரு தடவை.
வகுத்தால் தடவைக்கு எழுநூற்று அறுபத்தொரு ரூபாய்
இருபத்தொன்பது காசு.
ஊரார் கணக்கில் இப்படியொரு செலவைக் கண்டால்
பென்சிலால் சுழித்து
'இது எதற்கு' என்று ஓரத்தில் எழுதுகிற ஆள் நான்.

தோஹாவிலிருந்து தேவசிகாமணி அதையேதான் கேட்கிறார்.
'சவத்த ரத்து பண்ணித் தொலையேன் ரூபா,
நான் அங்கன சீட்டாடியே நாலு வருஷமாச்சு.'
பதினோரு வருஷம் காத்திருந்து கிடைத்த இடம்.
கிடைத்த வாரம் ஒரு கோட்டு தைத்தார்;
அது அலமாரியில் தனியே உறுப்பினராக இருக்கிறது.
ஹைகிரவுண்டு ரோட்டில், வேப்பமரங்களுக்குப் பின்னால்,
பில்லியர்ட்ஸ் மேசை மேல்
கல்யாண வாடகை நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கும் கிளப்.

என் அட்டையில் நான் திருமதி தேவசிகாமணி.
பெயர் அச்சடிக்க இடமில்லையாம்.
ஓட்டு கிடையாது. சீட்டு அறை கிடையாது.
செவ்வாய், வெள்ளி,
காலை ஆறிலிருந்து ஏழு
அந்த நீலத் தொட்டி உண்டு.

தண்ணீர் என்னவோ தாமிரபரணிதான்.
லாரியில் ஏறி வந்து, குளோரின் போட்டுக்கொண்டு
கிளப்பில் சேர்ந்துவிட்டது.
கொக்கிரகுளத்தில் அதுவே ஓசியாக ஓடுகிறது.
போனேன் ஒரு நாள்.
பாலத்தின் மேல் டவுண் பஸ் நெரிசலில் நின்றது,
அத்தனை ஜன்னலும் என்னைப் பார்த்தது.
செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பினேன்.

கரையில் துண்டுகளோடு முப்பிடாதி.
சீவலப்பேரிக்காரி. ஒன்பது வயதில்
ஆற்றைக் கடந்து அக்கரை வெள்ளரிக்காய் திருடியவள்.
'எம்மா, நீங்க நீந்துதியளா,
தண்ணிய அடிக்கியளா?'
அவள் தலைக்கு மேல் பலகை:
பணியாளர் நீரில் இறங்கக் கூடாது.
நீந்தத் தெரிந்தவளுக்குக் கரையில் உட்காரச் சம்பளம்,
தெரியாதவள் கட்டணம் கட்டி உள்ளே.
எந்தத் தலைப்பில் எழுதுவது இந்தப் பதிவை?

மார்ச்சில் ஒரு வெள்ளி
விருந்தினர் ஏட்டை இழுத்து எழுதினேன்:
முப்பிடாதி, சீவலப்பேரி, ரூபாய் முந்நூறு.
'உறுப்பினர் கையொப்பம்' என்ற கட்டத்தில்
பதினாறு வருஷத் தொழிலில் முதன்முதலாக
இன்னொருவர் கையெழுத்தைப் போட்டேன்.
வாசலில் உச்சிமாகாளி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
துடைத்து முடிக்கவேயில்லை.

அவள் சிரித்துவிட்டாள்.
'நல்ல கூத்து. இந்த மருந்துத் தண்ணியிலயா?
மேலெல்லாம் அரிச்சுப்போகும்.
ஞாயித்துக்கிழம ஊருக்குப் போவேன்,
ஆத்துல விழுந்துக்கிடுதேன்.
நீங்க முதல்ல மல்லாக்கப் படுங்க.
கழுத்த விடுங்கம்மா,
யாரும் களவாண்டுட்டுப் போயிர மாட்டாவ.'

விட்டேன்.
காதுக்குள் தண்ணீர் ஏறியதும்
ஊர் நின்றுபோனது.
மேலே ஒரு பருந்து வேலை ஏதுமில்லாமல் சுற்றியது.
வேப்பம்பூ ஒன்று வயிற்றில் விழுந்து
என்னோடேயே மிதந்தது.
நான் எண்ணவில்லை, அவள்தான் எண்ணினாள்:
நாலு நிமிஷம்.
இருபத்து மூவாயிரத்து அறுநூறை நாலால் வகுத்தால்...
வேண்டாம்.

இன்று முப்பத்தொன்று, செவ்வாய்.
மேசையில் ஏழு கம்பெனிகளின் கணக்கு
மூடப்படாமல் கிடக்கிறது.
எட்டாவதாக ஒரு படிவம்.
தோஹாவுக்கு மதியம் அனுப்பினேன்:
'உறுப்பினர் பெயரை மாற்ற விதி இருக்கிறது,
படித்துவிட்டேன், பதினேழாவது.
உங்கள் அட்டையில் உங்கள் பெயருக்கு
இடமிருக்காது. பரவாயில்லையா?'

நீலக் கோடு இரண்டும் விழுந்துவிட்டன.
பதில் வரவில்லை.
ஐந்தரைக்கு அலுவலகத்தை மூடிவிடுவார்கள்.
மணி நாலு பத்து.
முடியில் இன்னும் குளோரின் வாடை.