ஏற்றத்துக்கு இந்தப் பக்கம்

இவாலோ தாண்டினால் விளக்குக் கம்பங்கள் நின்றுவிடும்.
அப்புறம் உள்ள வெளிச்சம்
நான் கொண்டுபோவதுதான்.

பம்பருக்கு மேலே இரண்டு முழ நீளத்தில் பட்டை விளக்கு.
போன அக்டோபரில் ஒரு கலைமான்
என் டாக்சியின் மூக்கை உள்ளே தள்ளிய பிறகு
கடன் சொல்லி வாங்கினேன்.
முதல் இரவு சுவிட்சைத் தட்டியதும்
பைன் மரங்கள் எல்லாம்
திருட்டில் பிடிபட்டவர்கள் மாதிரி நின்றன.
அரை கிலோமீட்டருக்கு அப்பால்
சாலை கடந்த முயலின் காது தெரிந்தது.
ராஜ்ஜியமே கைக்கு வந்த மாதிரி இருந்தது,
சொல்ல வெட்கமில்லை.

பின்சீட்டில் வில்ஹோ.
வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்.
போகும்போது பேசுவான், ஐஸ் ஹாக்கி, சம்பள பாக்கி, முன்னாள் மனைவி.
திரும்பும்போது
கழற்றி வைத்த கோட்டு மாதிரி கிடப்பான்.
நூற்றறுபது கிலோமீட்டர்
அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டே ஓட்டுவேன்.

எதிரே வண்டி வந்தால்
ஏற்றத்துக்குப் பின்னால் வானம் முதலில் வெளுக்கும்.
வண்டி இல்லை, வரப்போகிற சேதி மட்டும்.
அப்போதே அணைத்துவிட வேண்டும்.
தலை தெரிந்த பிறகு அணைப்பது
அடித்துவிட்டு மன்னிப்புக் கேட்பது.

ஜனவரியில் ஓர் இரவு கேட்டேன், மன்னிப்பு.
இரண்டு நொடி தாமதம்.
கையில் காபிக் குவளை,
கட்டைவிரல் சுவிட்சைத் தேடிக்கொண்டிருந்தது.
சின்ன வண்டி ஒன்று என்னைக் கடந்தது.
கண்ணாடியில் அதன் சிவப்பு விளக்குகள்
கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து
பனிமேட்டுக்குள் போய் நின்றன.

திரும்பிப் போனேன்.
தபால் அலுவலகச் சீருடையில் ஒரு பெண்,
ஹெலியா என்று சட்டையில் எழுதியிருந்தது.
அடி ஒன்றுமில்லை.
கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல
சாலை எந்தப் பக்கம் என்று கைநீட்டித் துழாவிக்கொண்டிருந்தாள்.
கயிறு கட்டி இழுத்தோம்.
மைனஸ் இருபத்தெட்டு.
நான்தான் அது என்று நான் சொல்லவில்லை.
அவளும் கேட்கவில்லை.
அந்தச் சாலையில், அந்த நேரத்தில்,
வேறு யார் இருக்கிறார்கள்?

இன்றைக்குப் பனி பொழிகிறது.
பட்டை விளக்கைப் போட்டால்
முன்னால் ஒரு வெள்ளைச் சுவர்தான் எழும்புகிறது.
அளவுக்கு மிஞ்சினால் வெளிச்சமும் குருடு.
தாழ்ந்த விளக்கில் ஊர்கிறேன்.

பனி விட்டதும் மறுபடி தட்டினேன்.
நட்டநடுச் சாலையில் ஒரு பெண் கலைமான்.
பிரேக்.
அது என்னைப் பார்க்கவில்லை,
என் வெளிச்சத்துக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.
ஹாரன் அடித்தேன். காது மட்டும் அசைந்தது.
பட்டை விளக்கை அணைத்தேன்.
பிறகு, ஏனோ, மற்றதையும்.

இருட்டு வந்து வண்டிக்குள் உட்கார்ந்தது.
கொஞ்ச நேரம் கழித்து
டிக், டிக், டிக்
நடக்கும்போது அவற்றின் கால் நரம்பு எழுப்பும் சத்தம்,
இடமிருந்து வலமாக.
ஒன்றல்ல. பின்னால் ஒரு கூட்டமே போனது.
எத்தனை என்று எனக்குத் தெரியாது.
அவற்றுக்கு வழி தெரிந்தது.

"வந்துட்டோமா?" என்றான் வில்ஹோ.
"இல்லை. தூங்கு."

விளக்கைப் போட்டுக் கிளம்பினால்
அடுத்த ஏற்றத்துக்கு மேல் வானம் வெளுத்திருந்தது.
என் விரல் சுவிட்சுக்குப் போவதற்குள்
அந்தப் பக்கம் இருண்டுவிட்டது.
எனக்கு முன்னால் யாரோ.

சின்ன வண்டி. மெதுவாகக் கடந்தது.
உள்ளே யார் என்று தெரியவில்லை.
தெரியாத அளவுக்குத்தான்
இரண்டு பேரும் வெளிச்சம் வைத்திருந்தோம்.