பதினாறாம் எழுத்து

லியெபாயாவில் காற்று கதவைத் தட்டுவதில்லை,
உள்ளே வந்து உட்கார்ந்துவிடும்.
மாலுமிகள் மருத்துவமனையின் இரண்டாம் மாடியில்
கோட்டைக் கழற்றாமல் தட்டச்சு செய்கிறேன்.

சர்வர் செத்து ஒன்பது நாள்.
எந்த அட்டவணையில் எந்தப் பத்தி, என்ன வகை, எவ்வளவு நீளம்
என்று எழுதிவைத்த குறிப்பும்
அதற்குள்ளேயேதான் இருந்ததாம்.
சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறவர்களை
இதற்கு முன்னும் சந்தித்திருக்கிறேன்.

மிஞ்சியவை முந்நூற்றுப் பன்னிரண்டு கோப்புகள்.
மாதக் கடைசியில் யாரோ கேட்க
யாரோ எடுத்துக் கொடுத்தவை:
ரத்த அழுத்தம், பார்வை, தடுப்பூசி, கப்பலின் பெயர்.
"இவற்றைப் பார்த்துப் பழையபடி கட்டிவிடலாமா?"
ஐகார்ஸ் கையில் ஆறிப்போன காபி.
கட்டலாம்.
கழற்றிப்போட்ட சட்டையைப் பார்த்து
உடம்பின் அளவு சொல்கிற துணிச்சல் போதும்.

நிரல் எழுதினேன்.
ஒவ்வொரு கோப்பாகத் திற.
முதல் வரியில் பெயர்களை எடு.
கீழே இறங்கு.
எல்லாம் இலக்கமென்றால் எண் என்று எழுது.
நடுவே சிறுகோடு வந்தால் தேதியோ என்று சந்தேகி.
ஓரிடமும் காலியில்லையா,
காலியாக விடக்கூடாது என்று எழுது.
உள்ளதில் மிக நீண்டது எதுவோ அதுதான் நீளம்.
மூடு. அடுத்தது.

இரவு இரண்டு மணிக்கு
வரையறைகள் வரத் தொடங்கின,
சிரமமில்லாமல், கொஞ்சம் அகங்காரத்தோடு.
தொலைபேசி எண்களின் முன்னால் நின்ற பூஜ்யங்களை
நிரல் விழுங்கியிருந்தது. திட்டித் திருத்தினேன்.
யாரும் ஒருநாளும் கேட்காத பத்தி
எந்தக் கோப்பிலும் வரவில்லை.
இருந்ததா என்பதே தெரியாது.
ஒருவேளை இரவுப் பணித் தாதி ஒருத்தி அதில்
'இவருக்கு ஊசி என்றால் பயம், பேச்சுக் கொடுங்கள்'
என்று குறித்திருப்பாள்.
போனது போனதுதான்.

பிறகு குடும்பப்பெயர்.
வகை: எழுத்து. நீளம்: பதினாறு.
சரியென்று அடுத்ததற்குப் போனவள்
அடுப்பை அணைத்தோமா என்கிற மாதிரி திரும்பி வந்தேன்.
பதினாறா?
மடகாஸ்கர்க்காரர் ரசாஃபிந்திரகோதோமா.
ஜார்ஜியாவின் அகல்மோசுலிஷ்வில்.
கிரேக்கர் ஒருவர், பாப்பாடிமிட்ரோபௌலோ.
லத்தீன் எழுத்துகளை விரல்விட்டு எண்ணினேன்.
பதினாறு. பதினாறு. பதினாறு.
நாற்பத்தொரு பேர்
ஒரே இடத்தில் மூச்சை நிறுத்துகிறார்கள் என்றால்
அது பெயரின் முடிவல்ல,
கத்தரிக்கோல்.

எட்டு வருடமாகக் காத்திருப்பு அறையில்
அவர்களை இப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.
அவர்களும் எழுந்து வந்திருக்கிறார்கள்,
அரைப் பெயருக்கு முழு ஆளாக.

வெட்டியது மூலமா, எடுத்துக் கொடுத்த கோப்பா?
மூலத்தில் இருபது இடம் இருந்ததா, நாற்பதா?
முந்நூற்றுப் பன்னிரண்டையும் மறுபடி திறந்தேன்.
ஒன்றும் வாய் திறக்கவில்லை.
"தரவு சொல்வதைப் போட்டுவிடு, விஸ்மா,
எட்டு மணிக்குக் கப்பல் வருகிறது" என்றான் ஐகார்ஸ்.
நியாயம்தான். அதற்குத்தானே சம்பளம்.
நிரல் எழுதியதில் ஒரேயொரு எண்ணைக்
கையால் அழித்தேன்.
குடும்பப்பெயர்: எண்பது.

எட்டேகாலுக்கு முதல் ஆள், கப்பலின் சமையல்காரர்,
மணிக்கட்டில் எண்ணெய்க் கொப்புளம்.
பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.
பதினாறாவதில் தாமாகவே நின்றார்.
"மீதி?"
"உங்கள் பெட்டி இவ்வளவுதான் கொள்ளும், அம்மா."
"கொள்ளும். சொல்லுங்கள்."
ஒருமுறை திரையை எட்டிப் பார்த்தார்.
அப்புறம், தன் ஊரில் யாரையோ கூப்பிடுகிற குரலில்,
"நனா."

நான்கு எழுத்து.
அதற்குப் பின்னும் அறுபது இடம்
காலியாக இருந்தது.