இரண்டு முதல் நான்கு வரை

எல்லன்ஸ்பர்க்கில் காற்று
யாரையும் நிமிர்ந்து நடக்கவிடாது.
பிப்ரவரியில் ஒருநாள் எலிசியோ பர்ரகான்
சாய்ந்தபடியே என் மேசைக்கு வந்து சேர்ந்தான்.
கையில் கடிதம்:
கணக்கு முடக்கம், இருநூற்றுப் பதினான்கு டாலர்.
"நான் என்ன தப்பு செய்தேன்?"

தப்பில்லை, ஒரு படிவம்.
காப்பீடு வேண்டாமென்று அக்டோபரிலேயே
ஒரு கட்டத்தில் டிக் அடித்திருக்க வேண்டும்.
அப்படியொரு கட்டம் உண்டென்று
அப்பாவோ அக்காவோ கல்லூரி போன வீடுகளில்
சாப்பிடும்போதே சொல்லிவிடுகிறார்கள்.
மற்ற வீடுகளுக்கு
அபராதம் வந்துதான் சொல்கிறது.

முப்பத்தொரு நிமிடம் போனில் காத்திருந்து
ரத்து செய்ய வைத்தேன்.
என் வேலை பெரும்பாலும் இவ்வளவுதான்.

எழுந்து போனவன் கதவருகே நின்று
வேறு யாருக்காகவோ விசாரிப்பதுபோல் கேட்டான்:
வேதியியல் லிண்ட்க்விஸ்ட் அறையில்
திங்கள், புதன், இரண்டு முதல் நான்கு வரை
அலுவலக நேரம் என்று போட்டிருக்கிறதே,
அந்த நேரம் போக
மற்றபடி எப்போது அவரைப் பார்க்கலாம்?

நான் உடனே பதில் சொல்லவில்லை.

கதவில் நேரம் ஒட்டியிருந்தால்
உள்ளே வேலை நடக்கிறது, அண்டாதே என்றுதான்
யாக்கிமாவின் பழக்கிடங்குகளில் பொருள்.
அவன் அம்மா கிராசியேலா
ஆறு முதல் இரண்டரை வரை
தரம் பிரிக்கும் பெல்ட்டின் முன்னால்.
பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளி கூப்பிட்டாலும்
மேஸ்திரி இடைவேளையில்தான் சொல்வான்.
மரியாதை தெரிந்த பையன்.
அந்த இரண்டு மணி நேரத்தை மட்டும்
ஆறு வாரம் கவனமாகத் தவிர்த்து
பூட்டிய கதவைப் போய்ப் போய்ப் பார்த்திருக்கிறான்.

எனக்குப் பொருள் தெரிந்திருந்தது.
அபர்டீன் மர அறுவை ஆலைக்காரரின் மகள் நான்.
கதவு வரை போவேன்,
உள்ளே யாரோ சிரிக்கும் சத்தம் கேட்கும்,
ஷூ நாடாவைக் கட்டுவதுபோல் குனிந்து
திரும்பிவிடுவேன், ஒரு பருவம் முழுக்க.
இதை அவனிடம் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

"அது உன்னுடைய நேரம்" என்றேன்.
"நீ வருவாய் என்றுதான்
அந்த இரண்டு மணிக்கு அவருக்குச் சம்பளம்."
முதல் வாக்கியத்தை அவன் நம்பவில்லை.
சம்பளம் என்றதும் கொஞ்சம் யோசித்தான்.

அந்தப் புதன் போகவில்லை.
அதற்கடுத்த புதன் போயிருக்கிறான்.
என்ன கேட்டாய்?
ஒன்றும் கேட்கவில்லையாம்.
அவர் ஃபியூஜி ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்தாராம்.
கடித்த இடத்தைப் பார்த்து
அக்டோபர் பழம் என்றிருக்கிறான்,
ஆக்சிஜனைக் குறைத்துப் பூட்டிய அறையில் கிடந்தது,
சீல் உடைத்துப் பத்து நாளிருக்கும்.
எப்படித் தெரியும் என்றாராம்.
எத்திலீன் என்ற சொல் மட்டும் அவருடையது,
மீதி நாற்பது நிமிடமும் இவன்.

இடைத்தேர்வில் அறுபத்தொன்று.
அற்புதம் எதுவும் நடக்கவில்லை.
போகிறான், அவ்வளவே.
அம்மா போனில் கேட்கிறாளாம்,
வாத்தியார் உன்னை உட்காரச் சொன்னாரா என்று.

ஜனவரியில் போய்விட்ட பெண்ணுக்கும்
கணக்கு முடங்கியது நூற்றுச் சொச்சம் டாலரில்தான்.
அவள் என்னிடம் வரவில்லை, நானும் தேடவில்லை.
போர்வைப் பெட்டி விடுதிக் கிடங்கில் இன்னும் இருக்கிறது,
டானெட் வாட்லமெட் என்று மார்க்கரில்.

வந்திருப்பாள் ஒருவேளை.
இந்த வாரம்தான் வெளியே நின்று பார்த்தேன்:
ஒன்பது வருடமாக
என் கதவிலும் அதே சொல்தான்.

நகத்தால் சுரண்டினேன்.
தாள் வந்தது, பசை வரவில்லை.
அந்த இடத்தில் என்ன எழுதுவது,
இன்னும் தெரியவில்லை.
காற்றுக்குச் சாத்திக்கொள்ளாமலிருக்க
பழைய படிவமொன்றை நான்காக மடித்து
கதவடியில் செருகியிருக்கிறேன்.